கூத்து எடுக்க எந்த கேமரா? எக்ஸ்-டி5, ஏ6700 ரெண்டையும் வாடகைக்கு எடுத்து நாலு நாள் பாத்தது

கேமரா மாத்தணும்னு முடிவு பண்ணதும் நான் உக்காந்து முதல்ல பண்ண வேலை, வேண்டாம்னு ஒதுக்கி வெச்ச படங்களை திறந்து பாத்ததுதான். நல்லா வந்த படங்களை எத்தனையோ தடவை பாத்தாச்சு, அதுல இருந்து எனக்கு என்ன கேமரா வேணும்னு தெரியாது, ஏன்னா அந்த படம்லாம் பழைய கேமராவுலயே நல்லா வந்துடுச்சே. கழிச்ச படத்துலதான் விஷயம் இருக்கு. ஆறு வருஷமா செய்யாறு, வந்தவாசி பக்கத்து ஊர்கள்ல தெருக்கூத்து எடுத்துட்டு வரேன், கழிச்சதை எல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்க்ல தனியா போட்டு வெச்சிருந்தேன், எதுக்கு வெச்சேன்னே தெரியாது, இப்ப உதவுச்சு.

ஒரு ராத்திரி முழுக்க உக்காந்து ஒவ்வொண்ணா பெருசு பண்ணி, ஏன் இதை கழிச்சேன்னு ஒரு நோட்டுல கோடு போட்டுட்டே வந்தேன். பாதிக்கு மேல ஆள் அசைஞ்சு மங்கினது. அடுத்தது ஃபோகஸ், மூணுல ஒண்ணு இருக்கும், முகத்துல இருக்க வேண்டிய ஃபோகஸ் கிரீடத்துல ஒட்டியிருக்கிற கண்ணாடி சில்லுல போய் உக்காந்திருக்கு, இல்லன்னா பின்னாடி பெஞ்சுல இருக்கிற மிருதங்கக்காரர் மேல. அப்புறம் சிவப்பு வேஷக்காரர் முகம் சிவப்பு பெயிண்ட் ஊத்தின மாதிரி ஒரே திட்டா போன படங்க கொஞ்சம். குருணை, அதாவது இருட்டுல வர புள்ளி புள்ளி, அதிகமா இருக்குன்னு கழிச்ச படம் எண்ணினா விரல் விட்டு எண்ணிடலாம், அவ்ளோதான். மெகாபிக்சல் பத்தலன்னு கழிச்சது ஒண்ணுகூட இல்ல.

இதை எழுதி முடிச்சப்பவே ஒரு விஷயம் புரிஞ்சுது. ஆள் அசைஞ்சு மங்கறதுக்கு பாடி, அதாவது லென்ஸ் இல்லாத கேமரா, மாத்தி பிரயோஜனம் இல்ல, அது ஷட்டர் ஸ்பீடு விஷயம், ஷட்டர் எவ்ளோ நேரம் திறந்திருக்குங்கறது, ஷட்டர் ஸ்பீடு வேணும்னா வெளிச்சம் வேணும், வெளிச்சம் வேணும்னா எஃப்/1.4 லென்ஸ் வேணும் (எஃப் நம்பர் குறைய குறைய லென்ஸ் வாய் பெருசு). நான் அதுவரைக்கும் எஃப்/4, எஃப்/5.6ல எடுத்துட்டு இருந்தேன். எஃப்/4ல இருந்து எஃப்/1.4க்கு வந்தா மூணு ஸ்டாப், ஒரு ஸ்டாப்னா ரெண்டு மடங்கு, அதாவது எட்டு மடங்கு வெளிச்சம், 1/30 செகண்டுல எடுத்ததை 1/250ல எடுக்கலாம். சுத்தி ஆடற ஆளை நிறுத்தி எடுக்க 1/250 கம்மிதான், ஆனா முகமாவது நிக்கும், பாவாடை கொஞ்சம் ஓடினா அழகாத்தான் இருக்கு. அதனால பாடிக்கு எவ்ளோ, லென்ஸுக்கு எவ்ளோன்னு கணக்கு போடும்போது லென்ஸ் காசை முதல்ல தனியா எடுத்து வெச்சுட்டேன். மீதிக்குத்தான் பாடி.

மீதியில நிக்கிறது ரெண்டு பேர். ஃபுஜி எக்ஸ்-டி5, 2022 கடைசியில வந்தது, 40 மெகாபிக்சல். சோனி ஏ6700, 2023 நடுவுல வந்தது, 26 மெகாபிக்சல். ரெண்டும் ஏபிஎஸ்-சி சென்சார். அதை விட பெரிய சென்சார் இருக்கிற ஃபுல் ஃப்ரேம் ஏன் போகலன்னா பாடியோட நிக்காது, லென்ஸ் வெல, லென்ஸ் எடை ரெண்டும் கூடும், நான் பைக்ல போய் ராத்திரி பத்து மணியில இருந்து விடியற வரைக்கும் மண்ணுல சம்மணம் போட்டு உக்காந்து எடுக்கிறவன்.

சென்னையில ஒரு வாடகைக் கடையில நாலு நாளைக்கு ரெண்டு பாடியும் எடுத்தேன். லென்ஸ் விஷயத்துல ஒரு நல்ல வசதி, சிக்மாவோட 56 எம்எம் எஃப்/1.4ம், 18-50 எஃப்/2.8ம் சோனி மவுண்ட்லயும் வருது ஃபுஜி மவுண்ட்லயும் வருது. ரெண்டு பாடிக்கும் ஒரே லென்ஸ் போட்டுப் பாத்தா வித்தியாசம் பாடியோடது மட்டும்தான், லென்ஸ் மேல பழி போட முடியாது. யாராவது இந்த மாதிரி பாக்கப் போறீங்கன்னா இதை கண்டிப்பா பண்ணுங்க. ஒண்ணுல கேமராவோட வர கிட் லென்ஸ், இன்னொண்ணுல ஜூம் இல்லாத ப்ரைம் லென்ஸ் போட்டு பாத்துட்டு இது நல்லா இருக்கு அது நல்லா இல்லன்னு சொல்றது நியாயமே இல்ல.

நாள் பாத்துத்தான் எடுத்தேன். வெள்ளிக்கிழமை ராத்திரி கர்ண மோட்சம், சனிக்கிழமை ராத்திரி பதினெட்டாம் போர், ஞாயித்துக்கிழமை காலையில படுகளம், சாயங்காலம் தீமிதி. திரௌபதி அம்மன் கோயில் பாரதத் திருவிழாவோட கடைசி மூணு நாள். வெளிச்சத்துல எத்தனை தினுசு உண்டோ அத்தனையும் இந்த மூணு நாள்ல வந்துடும்.

வியாழக்கிழமை வீட்டுல. முதல் சோதனை சீலிங் ஃபேன். சைலண்ட் ஷட்டர், அதாவது எலக்ட்ரானிக் ஷட்டர்ல போட்டு ஃபுல் ஸ்பீடுல சுத்தற ஃபேனை எடுத்தேன். ரெண்டுலயும் றெக்கை அரிவாள் மாதிரி வளைஞ்சு வந்துச்சு, ஃபுஜியில கொஞ்சம் கூடுதலா வளைஞ்சுது. காரணம் லேசானதுதான், சென்சாரை மேல இருந்து கீழ வரிசை வரிசையா படிக்குது, படிச்சு முடிக்கறதுக்குள்ள றெக்கை நகந்துடுது, 40 மெகாபிக்சல்ல படிக்க வரிசை அதிகம். 40 வேணும்னா இதையும் சேத்துத்தான் வாங்கணும், அது ஒரு பண்டமாத்து. ஆட்டத்துக்கு ரெண்டுலயும் மெக்கானிக்கல் ஷட்டர்தான்னு அப்பவே எழுதி வெச்சுட்டேன். கூத்துல சத்தம் ஒரு பிரச்சனையே இல்ல, மிருதங்கமும் ஆர்மோனியமும் முகவீணையும் தாளமும் சேர்ந்து அடிக்கும்போது ஷட்டர் சத்தம் எனக்கே கேக்காது.

ரெண்டாவது சோதனை டியூப்லைட். நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால சாதாரண டியூப்லைட் செகண்டுக்கு 100 தடவை மின்னி மங்குது. சைலண்ட் ஷட்டர்ல 1/250 வெச்சா படத்துல கருப்பு பட்டை பட்டையா விழுது, 1/100, 1/50ல வெச்சா பட்டை காணாம போயிடுது, ஏன்னா மின்னி மங்கற ஒரு முழு சுத்து அந்த நேரத்துக்குள்ள அடங்கிடுது. ரெண்டு கேமராவுலயும் இதே கதைதான். மெக்கானிக்கல் ஷட்டருக்கு ரெண்டுலயும் ஃப்ளிக்கர் குறைக்கிற ஆப்ஷன் இருக்கு, ஆன் பண்ணா டியூப்லைட் வெளிச்சம் உச்சத்துல இருக்கும்போது பாத்து க்ளிக் ஆகுது. கலர் கலரா மாறுற மேடை எல்இடி லைட்டுக்கு இந்த 100 கணக்கு செல்லாது, அது வேற வேகத்துல மின்னும், அங்க நேர்ல போய் பாத்துத்தான் தெரியணும்.

மூணாவது இருட்டு ஃபோகஸ். இதுல ஒரு எச்சரிக்கை சொல்லணும். ஃபுஜி பேப்பர்ல மைனஸ் 7 ஈவி (வெளிச்ச அளவு, எண் இறங்க இறங்க இருட்டு) வரைக்கும் ஃபோகஸ் பிடிக்கும்னு போட்டிருக்கு, சோனி பேப்பர்ல மைனஸ் 3. பாத்தா ஃபுஜி எங்கயோ போயிட்ட மாதிரி இருக்கும். ஆனா ஃபுஜி அளந்தது அவங்களோட எஃப்/1.0 லென்ஸ்ல, சோனி அளந்தது எஃப்/2.0 லென்ஸ் கணக்குல. லென்ஸ் வாய் அளவே ரெண்டு ஸ்டாப் வித்தியாசம். ரெண்டு எண்ணையும் பக்கத்துல வெச்சு ஒப்பிட முடியாது. ஒரே 56 எம்எம் போட்டு, ரூம் லைட்டை அணைச்சுட்டு, பூஜை விளக்கு வெளிச்சத்துல அம்மாவை உக்கார வெச்சு எடுத்தேன், ரெண்டும் பிடிச்சுது, எது வேகம்னு என்னால சொல்ல முடியல.

வீட்டு சோதனை அவ்ளோதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கே போயிட்டேன், வேஷம் கட்டற இடத்துல எடுக்கறதுதான் எனக்கு ரொம்ப பிடிச்ச வேலை. பள்ளிக்கூட கட்டடம் ஒண்ணு, ஒரே ஒரு எல்இடி பல்பு, அதுக்கு கீழ சுத்தி பாய் போட்டு ஏழெட்டு பேர் ஆளுக்கொரு கைக்கண்ணாடி வெச்சுக்கிட்டு அரிதாரம் பூசிட்டு இருந்தாங்க. இங்க யாரும் ஆடலை, விரல் மட்டும்தான் மெதுவா நகருது. சைலண்ட் ஷட்டர், 1/100, எஃப்/2, ஐஎஸ்ஓ, அதாவது கேமரா வெளிச்சத்தை ஏத்திக் காட்டற அளவு, 1600 பக்கம். சத்தமே இல்லாம எடுக்கலாம், அவங்க கவனம் கலையாது. இந்த ரூம்ல ஃபுஜி என்னை மயக்கிடுச்சு, மறைக்காம சொல்றேன். அந்த வ்யூஃபைண்டர் 3.69 மில்லியன் டாட், பெருசு, கண்ணை வெச்சா ஒரு சின்ன தியேட்டர்ல உக்காந்த மாதிரி. சோனியோடது 2.36 மில்லியன், சைஸும் சின்னது. ஸ்க்ரீன் கூட, ஃபுஜியில லென்ஸுக்கு நேர் பின்னாடியே மேல மடிஞ்சு வருது, தரையில கேமராவை வெச்சு குனிஞ்சு பாக்கறதுக்கு தோதா இருக்கு, செங்குத்தா பிடிச்சாலும் பக்கவாட்டுல மடியும். சோனி ஸ்க்ரீன் இடது பக்கம் கதவு மாதிரி திறந்து சுத்தும், நெருக்கமா உக்காந்திருக்கிற இடத்துல அந்த கதவு பக்கத்துல இருக்கிறவர் தோள்ல இடிக்குது, வெளிச்சமும் அவர் கண்ணுல அடிக்குது.

ஆட்டம் இல்லாத இடத்துல கை நடுக்கத்தை தாங்கற ஸ்டெபிலைசேஷன் உதவுது, பேப்பர்ல ஃபுஜி 7 ஸ்டாப், சோனி 5. 1/15 வரைக்கும் இறங்கி பாத்தேன், ரெண்டுலயும் கை நடுக்கம் தெரியல, ஆனா அதுக்குள்ள வேஷக்காரர் மூச்சு விட்டாலே புருவக்கோடு மங்கிடுது. அப்புறம் எதுக்கு அந்த 7.

நிறம் பத்தி கொஞ்சம் நிறைய சொல்லணும். கூத்துல துரியோதனன் சிவப்பு, கிருஷ்ணன் பச்சை. நம்ம ஆளுங்க உடம்பு நிறம் கருப்பு, மாநிறம், அதுக்கு மேல அரிதாரம், அதுக்கு மேல ஜிகினா. கேமரா ஆட்டோவுல விட்டா பின்னாடி இருட்டா இருக்குன்னு வெளிச்சத்தை ஏத்தி விட்டுடும், சிவப்பு முகம் மட்டும் வெடிச்சுடும். சாதாரண ஹிஸ்டோகிராம், அதாவது படத்துல வெளிச்சம் எவ்ளோன்னு காட்டற வரைபடம், பாத்தா எல்லாம் சரியாத்தான் இருக்கும், சிவப்பு, பச்சை, நீலம் மூணையும் தனித்தனியா காட்டற ஹிஸ்டோகிராம் பாத்தாதான் சிவப்பு மட்டும் வலது சுவத்துல முட்டிட்டு நிக்கறது தெரியும். ஃபுஜியில பழைய ஃபிலிம் மாதிரி நிறம் கொடுக்கிற ஃபிலிம் சிமுலேஷன் நிறைய இருக்கு, அதுல வெல்வியா இந்த வேலைக்கு ஆகாது, சிவப்பு கொதிக்குது, ப்ரோ நெக் ஸ்டாண்டர்ட் போட்டேன், அரிதாரத்துக்குள்ள இருக்கிற விரல் தடம் வரைக்கும் தெரிஞ்சுது, கன்னத்துல தேங்காண்ணெ மினுமினுப்பு தனியா தெரிஞ்சுது. கேமராவுல இருந்தே ரா ஃபைலை (பதப்படுத்தாத முழு டேட்டா) ஜேபெக்கா மாத்தி போனுக்கு அனுப்பலாம், காலையில ஆட்டம் முடிஞ்சு டீ குடிக்கும்போதே ஆட்டக்காரங்க "தம்பி வாட்ஸ்அப்ல போடு"ன்னு கேப்பாங்க, அதுக்கு இது ரொம்ப வசதி. சோனியில நியூட்ரல் லுக் போட்டு சாச்சுரேஷனை இறக்கினா கிட்டத்தட்ட அந்த இடத்துக்கு வருது, ஆனா உக்காந்து சரி பண்ணணும். ரா எடுத்து வீட்டுல கம்ப்யூட்டர்ல பண்ணா ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் எனக்கு தெரியல.

பத்தரைக்கு திரை பிடிச்சாங்க.

இங்கதான் கதை மாறுச்சு. களரியில, அதாவது ஆட்டம் நடக்கிற இடத்துல, நான் உக்காந்தது ஆட்டக்காரருக்கு பத்துப் பன்னெண்டு அடி தூரம். ஒரு பக்கம் ஃபோகஸ் லைட், பின்னாடி சீரியல் லைட், ஐஎஸ்ஓ 3200ல இருந்து 6400, எஃப்/1.4, 1/250. கட்டை வேஷக்காரர் தலையில கிரீடம், ரெண்டு தோள்லயும் புஜக்கட்டை, மார்ல பதக்கம், எல்லாமே லேசான கல்யாண முருங்கை மரத்துல செதுக்கி கண்ணாடி சில்லு ஒட்டினது. முகம் மொத்த உருவத்துல ஒரு சின்ன வட்டம்தான், அதுவும் முழுக்க வண்ணம், மீசை வரைஞ்சது, கண்ணுக்கு மை இழுத்தது. மனுஷ முகம்னு கேமரா படிச்சு வெச்சிருக்கிறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

சோனியில ஏஐக்குன்னு தனி ப்ராசஸர் இருக்கு, அது முகத்தை மட்டும் தேடறது இல்ல, தலை, தோள், கை கால் எப்படி இருக்குன்னு உடம்பு நிலையை வெச்சும் ஆளை அடையாளம் பிடிக்குது. கர்ணன் வேஷக்காரர் சுத்தி முதுகு காட்டினார், வ்யூஃபைண்டர்ல தெரியற ஃபோகஸ் பெட்டி முதுகு மேலயே நின்னுச்சு, திரும்பி வந்தார், பெட்டி முகத்துக்கு ஏறுச்சு, கண்ணுக்கு போச்சு. அதை வ்யூஃபைண்டர்ல பாத்தப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு, ஏன்னா ஆறு வருஷமா நான் கழிச்ச படங்கள்ல மூணுல ஒண்ணு இந்த இடத்துலதான் போச்சு. எப்பவும் பிடிச்சுதுன்னு சொல்ல மாட்டேன், திரைக்கு மேல கிரீடம் மட்டும் தெரியற நேரத்துல அதுக்கும் ஒண்ணும் புரியல, அது எனக்கே புரியாத நேரம்.

எக்ஸ்-டி5ல மனுஷங்களுக்கு முகம், கண் கண்டுபிடிக்கிற முறைதான், பறவை, விலங்கு, வண்டி, விமானம் இதுக்கெல்லாம் தனி மோட். வேஷம் போட்ட முகத்துல எனக்கு அது தோதுப்படல, சீக்கிரமே அதை ஆஃப் பண்ணிட்டு சின்ன பெட்டி வெச்சு ஜாய்ஸ்டிக்கால நானே நகத்த ஆரம்பிச்சேன். அந்த ஜாய்ஸ்டிக் அருமையான சாமான், சோனியில அது கிடையாது, ஸ்க்ரீனைத் தடவி நகத்தினேன், வேர்த்த விரலுக்கு அது சரிப்படல. ஆள் நின்னு பாடறப்ப, வசனம் பேசறப்ப ஃபுஜியில எடுத்ததெல்லாம் கச்சிதம். சுத்தி ஆடறப்ப என் கட்டைவிரல் வேகம் பத்தல. நடுராத்திரிக்கு மேல ரெண்டு மணி, மூணு மணி ஆகும்போது கட்டைவிரலும் தூங்குது.

இன்னொண்ணு, இதை எந்த ஸ்பெக் பேப்பர்லயும் பாக்க முடியாது. ஃபுஜியோட டயல் எல்லாம் மேல எழுதி இருக்கு, ஐஎஸ்ஓ, ஷட்டர், எக்ஸ்போஷர் எல்லாம் கேமரா ஆஃப்ல இருந்தாலே தெரியும், பகல்ல அது ஒரு சொகம். ராத்திரி களரியில எழுத்து தெரியாது, டார்ச் அடிச்சா பக்கத்துல இருக்கிற பெரியவர் திட்டுவாரு. பழகினா க்ளிக் எண்ணி திருப்பலாம், நாலு நாள் பத்தாது அதுக்கு. அது கூட பரவால்ல, சோனி மோட் டயல்ல 1, 2, 3ன்னு மூணு இடம் இருக்கு, அதுல மொத்த செட்டிங்கையும் சேமிச்சு வெக்கலாம். 1ல வேஷம் கட்டற ரூம்: சைலண்ட், 1/100. 2ல ஆட்டம்: மெக்கானிக்கல், 1/250, ஆள் ட்ராக்கிங், ஃப்ளிக்கர் ஆன். 3ல பகல். ஆட்டத்துக்கு நடுவுல உள்ள ஓடிப் போய் அடுத்த வேஷத்தை எடுத்துட்டு வெளிய ஓடி வரவன் நான், ஒரு க்ளிக்ல மொத்தமும் மாறுது. ஃபுஜியிலயும் கஸ்டம் சி1ல இருந்து சி7 வரைக்கும் இருக்கு, ஆனா ஷட்டரும் ஐஎஸ்ஓவும் கையால திருப்பற டயல்ல இருக்கறதால அது அங்கயே நிக்கும், அதை மெமரி மாத்தாது. அந்த டயலுக்காகத்தான் பாதி பேர் ஃபுஜி வாங்கறாங்க, நானும் பகல் வெளிச்ச படம் மட்டும் எடுக்கறவனா இருந்தா அதுக்காகவே வாங்கியிருப்பேன்.

சனிக்கிழமை பதினெட்டாம் போர். முந்தின நாள் ஃபுஜி முதல்ல, சோனி பின்னாடின்னு எடுத்தேன், அன்னிக்கு மாத்தி எடுத்தேன், ஏன்னா விடியற நேரத்துல ஆட்டமும் தளரும் நானும் தளர்வேன், எப்பவும் ஒரே கேமரா தளர்ந்த நேரத்துல மாட்டிக்கக் கூடாது. முடிவு மாறல. பேட்டரி ரெண்டுமே பேப்பர்ல 580, 570ன்னு கிட்டத்தட்ட ஒண்ணு, எனக்கும் ராத்திரிக்கு ரெண்டு பேட்டரி போதுமா இருந்துச்சு, நடுவுல பவர் பேங்க்ல இருந்து சார்ஜ் போட்டுக்கலாம். எடையும் 557 கிராம், 493 கிராம், லென்ஸ் மாட்டினதும் அந்த வித்தியாசம் கையில மறந்து போயிடுது.

கார்டு விஷயம்தான் எனக்கு இன்னும் உறுத்துது. ஃபுஜியில ரெண்டு கார்டு ஸ்லாட், ஒரே படம் ரெண்டுலயும் பதியும். சோனியில ஒண்ணுதான். மூணு வருஷம் முன்னாடி ஒரு கார்டு செத்துப்போய் ஒரு முழு ராத்திரி போச்சு எனக்கு, அன்னிக்கு ஆடின ஒரு பெரியவர் அந்த வருஷம் மழைக்கு முன்னாடியே இறந்துட்டாரு, அவர் வீட்டுல படம் கேட்டு வந்தாங்க, என்கிட்ட இல்ல. இதை எப்படி மறக்கறது. ஒரு ராத்திரி மொத்தத்துக்கும் சேத்து யோசிச்சதுல, கார்டு பெருசா ஒண்ணு வெக்காம சின்ன கார்டா நாலு வெச்சுக்கிட்டு, கட்டியக்காரன், அதாவது கூத்தை நடத்திட்டு போற கோமாளி, வந்து கதையை மாத்தற நேரத்துலலாம் கார்டை மாத்திடறதுன்னு வெச்சேன். ஒரு கார்டு போனாலும் ராத்திரியில கால் பங்குதான் போகும். ரெண்டு ஸ்லாட்டுக்கு இது ஈடு ஆகாது, தெரியும்.

ஞாயித்துக்கிழமை படுகளம். துரியோதனனை மண்ணால தரையில பெருசா படுக்க வெச்சு, நல்ல வெயில்ல பீமன் தொடையில அடிக்கிற இடம். இங்க எல்லாரும் கேக்கற கேள்வி, ஃபுஜி மெக்கானிக்கல் ஷட்டர் 1/8000 போகுது, சோனி 1/4000தான், வெயில்ல லென்ஸை முழுசா திறக்க முடியுமான்னு. கணக்கு போட்டு பாருங்க, நல்ல வெயில்ல ஐஎஸ்ஓ 100, எஃப்/16ல 1/100. எஃப்/1.4க்கு வந்தா ஏழு ஸ்டாப், 1/12800 வேணும். ரெண்டு கேமராவோட மெக்கானிக்கல் ஷட்டரும் அங்க போகாது. எஃப்/2ல ஃபுஜி சரியா தொடும், சோனிக்கு எஃப்/2.8 வேணும். ஆனா படுகளத்துல யாரு எஃப்/2ல எடுப்பாங்க? மண் உருவம், பீமன், சுத்தி ஊரே நிக்குது, அத்தனையும் தெரியணும், 18 எம்எம்ல எஃப்/8தான் வெச்சேன். வராத பிரச்சனைக்கு காசு கொடுக்க வேண்டாம். வெயில்ல எக்ஸ்போஷர் டயலை கட்டைவிரலால ஒரு தட்டு தட்டி கருத்த முகத்துக்கு வெளிச்சம் ஏத்தறது ஃபுஜியில அழகா இருந்துச்சு, அதை சொல்லியே ஆகணும்.

தீமிதியில ரெண்டுமே தடுமாறல, நான்தான் தடுமாறினேன், கங்கு சூட்டுல காத்து நடுங்கி படமே அலை அலையா வந்துச்சு. கூட்டத்துல நூறு பேர் ஓடி வரும்போது யாரை பிடிக்கணும்னு எந்த ஏஐக்கும் தெரியாது, அங்க ஜாய்ஸ்டிக் ஜெயிச்சுது.

திங்கக்கிழமை கேமராவை திருப்பிக் கொடுத்துட்டு, வீட்டுல எல்லா ஃபைலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சேன். 40 மெகாபிக்சலை 26 அளவுக்கு சுருக்கி, ஐஎஸ்ஓ 6400ல எடுத்ததை ஒப்பிட்டா குருணையில எனக்கு வித்தியாசம் தெரியல, சென்சார் சைஸ் ஒண்ணு, உள்ள வர வெளிச்சம் ஒண்ணு, அப்புறம் என்ன வித்தியாசம் வரும். நான் ப்ரிண்ட் போடற பெரிய சைஸ் 12க்கு 18 இன்ச். அதுக்கு 300 டிபிஐல, இன்ச்சுக்கு 300 புள்ளின்னு, 5400க்கு 3600, அதாவது 19 மெகாபிக்சல் சொச்சம் போதும். ரெண்டுலயும் இருக்கு. 40ன்னா ஃபைல் ஒவ்வொண்ணும் ஒன்றரை மடங்கு, ஒரு ராத்திரிக்கு ஆயிரத்து ஐநூறு படம், என் லேப்டாப்புக்கு அது பாரம்.

ஆக கழிச்ச படங்களோட நோட்டை எடுத்து திரும்ப பாத்தேன். அசைஞ்சு மங்கினது, லென்ஸ் பாத்துக்கும். ஃபோகஸ் தப்பினது, அதுக்கு சோனி. சிவப்பு வெடிச்சது, அதுக்கு நான் ஹிஸ்டோகிராம் பாக்கணும், ஃபுஜி இருந்தா கொஞ்சம் சுலபம். ஏ6700னு முடிவு பண்ணேன், பாடி வெலயும் ஃபுஜியை விட கம்மி, மிச்சத்துல 56 எம்எம் எஃப்/1.4 வந்துடும். மனசுல அந்த பெரிய வ்யூஃபைண்டர் இன்னும் நிக்குது, அது வேற.

ஆர்டர் போடறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணேன், அது பண்ணது நல்லதா போச்சு. ரெண்டு கேமராவுலயும் கர்ணனோட சண்டைக் காட்சியில இருந்து ஒவ்வொண்ணு, ரெண்டும் 56ல எடுத்தது, 12க்கு 18ல ப்ரிண்ட் போட்டு, எது எந்த கேமரான்னு சொல்லாம கர்ணன் கட்டின வாத்தியார் வீட்டுக்கு எடுத்துட்டு போனேன். திண்ணையில உக்காந்து கண்ணாடி போட்டுக்கிட்டு ரெண்டையும் ரொம்ப நேரம் பாத்தாரு.

"எது நல்லா இருக்கு வாத்தியாரே?"

"முகம் ரெண்டுலயும் நல்லாத்தான் இருக்கு தம்பி. கால் எங்க?"

எனக்கு முதல்ல புரியல. ரெண்டு படத்துலயும் முட்டிக்கு கீழ வெட்டியிருந்துச்சு. அவர் எழுந்து நின்னு, வேட்டியை மடிச்சு கட்டிக்கிட்டு, திண்ணை முன்னாடி வாசல்ல அந்த இடத்தை ஆடிக் காட்டினாரு, கர்ணன் தேர்க்காலை தூக்கற அடவு. "இதுல முகத்துல என்ன இருக்கு, எல்லாம் கால்லதான் இருக்கு, சலங்கை மண்ணுல புதையுது பாரு, அது தெரிஞ்சாதான் அவன் கர்ணன்"னாரு. அறுபது வயசு தாண்டினவர். உள்ள இருந்து அவங்க வீட்டம்மா எட்டிப் பாத்துட்டு சிரிச்சாங்க.

அங்கயே உக்காந்து கணக்கு போட்டேன். கிரீடத்தோட சேத்தா ஆள் உயரம் ஏழரை அடி. கேமராவை செங்குத்தா பிடிச்சா 56 எம்எம்ல தலையில இருந்து கால் வரைக்கும் வர பதினெட்டு அடி தள்ளி உக்காரணும். களரியில பதினெட்டு அடியில எனக்கு முன்னாடி நாலு வரிசை ஜனம் உக்காந்திருக்கும், தலைதான் தெரியும், கால் எப்படி தெரியும். 30 எம்எம்ல பத்தடி போதும். அதே சிக்மாவுல 30 எம்எம் எஃப்/1.4 இருக்கு, வெளிச்சம் அதே அளவு, வெல 56ஐ விட கம்மி. கழிச்ச படங்களை ஒரு ராத்திரி முழுக்க பாத்தும், கால் இல்லன்னு ஒரு படத்தைக்கூட நான் கழிக்கலைங்கறது அப்பத்தான் உறைச்சுது, அதுலாம் நல்ல படங்க ஃபோல்டர்ல இருக்கு.

ஏ6700ம் 30 எம்எம்மும் வாங்கியாச்சு. டயல்ல 2ம் நம்பர் மெமரியில ஆட்டத்துக்கு எஃப்/2, 1/320, ஐஎஸ்ஓ 6400 வரைக்கும்னு வெச்சிருக்கேன், முழுசா திறந்தா முகம் நின்னு கால் மங்கிடுமோன்னு ஒரு ஸ்டாப் மூடினேன். ஆடி மாசம் வந்தவாசி பக்கம் அதே ஜமா (கூத்துக் குழு) ஆடுது. முதல் வரிசையில பாய் போட இடம் சொல்லி வெச்சிருக்கேன்.